அழுத்தினால் வலிக்காத இடம்

ஒரு பெண்ணின் வலியைப் பொய் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கைதவறி எழுதியதல்ல. சோதித்துப் பார்த்து, திருப்தியோடு எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினேன். நாற்பது வருட மருத்துவ வேலையில் வேறு பிழைகளும் செய்திருக்கிறேன். நோயைப் பிந்திக் கண்டுபிடித்திருக்கிறேன், சிலருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தைக் கொடுத்திருக்கிறேன். அவை எந்த மருத்துவனுக்கும் நேரக்கூடியவை. இதை மட்டும் என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்தேன்.

ராஜபாளையத்தில் நான் உட்கார்ந்திருந்த கிளினிக்கில் இப்போது டாக்டர் கவிதா உட்காருகிறார். போன மாதம் வீட்டுக்கு வந்தார்.

"சார், அக்கிக்குத் தடுப்பூசி வந்தாச்சு. ஐம்பது வயசு தாண்டினவங்ககிட்ட சொன்னா சிரிக்காங்க. 'கொப்புளந்தான டாக்டர், எழுதிக்கிட்டாப் போச்சு'ங்கிறாங்க. கொப்புளம் ஆறின பொறவு வருமே ஒரு வலி, அதைப் பத்தி நீங்க நம்ம ஊர் ஆண்டு மலருக்கு எழுதணும். இந்த ஊர்ல அதுக்கு நீங்கதான்."

எழுதிக்கொள்வது என்றால், குயவர் வீட்டுக்குப் போய்க் கொப்புளத்தின் மேல் காவியைக் குழைத்துப் பூசி உருவம் வரைந்துகொள்வது. எங்கள் பக்கத்தில் அக்கி வந்தால் முதலில் அங்கேதான் போவார்கள். காய்ந்தபின் மீந்து நிற்கும் வலிக்கு என்னிடம் வருவார்கள். அந்த வலியில் நான் எப்படித் தேர்ந்தவனானேன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பதும் தெரியவில்லை.

மதுரையில் படித்தேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எல்லோரையும் போலப் படித்து, எல்லோரையும் போல மறந்தேன். ஊருக்குத் திரும்பியதும் பேண்டேஜ் துணி செய்யும் ஓர் ஆலையின் டிஸ்பென்சரியில் இரண்டாவது மருத்துவனாகச் சேர்ந்தேன். அந்த அறையின் ஜன்னல் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. வெளுத்த துணியை வெளியே மைதானத்தில் கயிறு கட்டி நீள நீளமாகக் காயப்போட்டிருப்பார்கள். வலைபோன்ற மெல்லிய துணி. அதன் வழியே மலை தெரியும். காற்று வந்தால் மலையே மெல்ல அசைவது போலிருக்கும். மேகம் செண்பகத்தோப்புப் பக்கம் இறங்கும் நாட்களில் எது துணி, எது மேகம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இப்போதும் மதியம் கண்ணயர்ந்தால் அந்த வெள்ளைதான் வருகிறது. அதற்குப் பின்னால் யாரோ நிற்பதும் வருகிறது.

எனக்கு மேலே பெரிய டாக்டர் இருந்தார். பெயர் வேண்டாம், காலமாகிவிட்டார். முழுக்கை வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல். குரலை உயர்த்த மாட்டார். வேலைக்குப் போகப் பிடிக்காமல் முதுகுவலி என்று வருகிறவர்களை அவர் கண்டுபிடிக்கும் விதம் ஆலை முழுக்கப் பிரபலம். வந்தவரைக் குப்புறப் படுக்கச் சொல்வார். ஒரு கை நாடியில் இருக்கும்.

"உங்க ஊர்ல மழை எப்படி?"

வந்தவர் மழையைப் பற்றி ஆரம்பிப்பார். பெரிய டாக்டர் கண்மாய் நிரம்பியதா, நாற்று நட்டாயிற்றா என்று அக்கறையாகக் கேட்டுக்கொண்டே, மறு கைக் கட்டைவிரலால் வலி சொன்ன இடத்தில் அழுத்துவார். முதலில் லேசாக, பிறகு முழுப் பலத்தோடு. மழைப் பேச்சு நிற்காமல் ஓடினால், கையை எடுத்துவிட்டு, "நல்லது, நல்ல மழைதான். வேலைக்குப் போங்க" என்பார். ஒருமுறை பீமில் நூல் சுற்றும் வேலை பார்த்த ஒருவர் எழுந்து உட்கார்ந்து, "மழைய நம்பி மோசம் போயிட்டேனே சார்!" என்று சொல்லி அவரும் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். அதில் யாருக்கும் வருத்தம் இருந்ததில்லை. பெரிய டாக்டர் சீட்டில் எழுதுவதும் ஒரே வரிதான்: "இன்றைய சோதனையில் வலி காணவில்லை." இன்றைய என்ற சொல்லை அவர் விட்டதே கிடையாது.

அவர் ஓய்வுபெற்றபோது அவருடைய நாற்காலி எனக்கு வந்தது. அந்த வித்தையும் வந்தது. அந்த ஒரு சொல்லைத்தான் நான் எடுத்துக்கொள்ளவில்லை.

குருவம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து வேலை பார்த்தவர். நாற்பதைத் தாண்டிய வயது. பிந்திப் பிறந்த ஒரே பையன், அப்போது எட்டு வயது. துணியைச் சுருட்டி வெட்டும் பகுதியில் வேலை. பஞ்சுத் தூசியை விரட்ட அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய ஃபேன் வைத்திருந்தார்கள். குருவம்மாளின் இடம் அதற்கு நேர் எதிரே.

அவருக்கு இடது மார்புக்குக் கீழே தொடங்கி விலாவைச் சுற்றி முதுகு வரை பட்டையாக அக்கி வந்து, காய்ந்து, உதிர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஃபேனுக்கு எதிரேயிருந்து பேக்கிங் பகுதிக்கு மாற்றிவிடும்படி சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறார். விடுப்புக்கூடக் கேட்கவில்லை, இடம் மாற்றத்தான் கேட்டார். சூப்பர்வைசர், டாக்டர் சீட்டு வேண்டும் என்று என்னிடம் அனுப்பினார்.

உதவிக்கு இருந்த அம்மாளை உடன் வைத்துக்கொண்டு பார்த்தேன். தோலில் மங்கிய தழும்புகள் தவிர ஒன்றுமில்லை. மடிப்புகளில், வலி நிற்காமல் மறுபடி எழுதிக்கொண்ட காவியின் கறை ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததுமே இந்தப் பெண்ணைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வயதானவர்களுக்குத்தான் இந்த வலி நீடிக்கும் என்று படித்த ஞாபகமும் சேர்ந்துகொண்டது.

"எங்க வலிக்கு?"

"இந்தப் பக்கம் பூராவும்யா. எரியுது. ஃபேன் காத்துல சேலை படபடன்னு படுது, அப்ப உசுரே போகுது."

"ஊரு எது?"

"மடவார் வளாகம்யா. வைத்தியநாத சாமி கோயிலுக்குப் பக்கத்துத் தெரு."

"கோயில்ல தேரோட்டம்லாம் இப்ப எப்படி நடக்கு? கூட்டம் உண்டா?"

அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "கூட்டத்துக்கு என்னய்யா கொறச்சல். எங்க தெரு முக்குலதான் தேரு திரும்பும். எம்மவன் வடத்தப் புடிக்கணும்னு..."

அவர் பேசப் பேச நான் உள்ளங்கையை விலாவின் மேல் வைத்து அழுத்தினேன். முழுப் பலத்தோடும் அழுத்தினேன். தேர் நிற்கவில்லை. மகன் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்த கதை வரை வந்துவிட்டார். உள்ளூர ஒரு மகிழ்ச்சி எழுந்தது எனக்கு. கையை எடுத்தேன். எடுக்கும்போது என் சட்டைக் கையின் விளிம்பு அந்த இடத்தில் லேசாக உரசியது. குருவம்மாள் வீலென்று கத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

நான் சிரித்தேன். "ஏம்மா, இம்புட்டு நேரம் கையைப் போட்டு அழுத்துனேன். அப்பல்லாம் தேர் ஓடுச்சு. சட்டை பட்டா மட்டும் உசுரு போகுதா?"

உதவிக்கு நின்ற அம்மாளும் சிரித்துவிட்டார்.

"அதான்யா எனக்கும் வெளங்கல" என்றார் குருவம்மாள். கண்ணில் நீர் நின்றது. "அழுத்துனா தாங்குது. லேசாப் பட்டாத்தான் தாங்கல."

இன்று அந்த இரண்டு வாக்கியங்களை எந்த மருத்துவ மாணவன் தேர்வில் எழுதினாலும் முழு மதிப்பெண் கொடுப்பேன். அந்த நோயை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. அன்று எனக்கு அது பிடிபட்ட ஒருத்தியின் உளறலாகக் கேட்டது. நோய் எதுவும் இல்லை, வேலையைத் தவிர்க்கப் பாசாங்கு செய்கிறார் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். பெரிய டாக்டர் ஒருநாளும் எழுதாத சொல் அது.

சூப்பர்வைசர் அதைப் பெண்கள் அத்தனை பேருக்கும் முன்னால் தமிழில் படித்திருக்கிறார். "நடிப்புன்னு டாக்டரே எழுதிட்டாரு." மூன்று வாரத்தில் குருவம்மாள் வேலையை விட்டு நின்றுவிட்டார். அப்போது எனக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை.

பிறகு வருடங்கள் எப்படிப் போயின என்று கேட்டால், ஜன்னலுக்கு வெளியே துணி காய்ந்தது, எடுத்தார்கள், வேறு துணி போட்டார்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. ஆலை கைமாறியது. நான் வெளியே வந்து ராஜபாளையத்தில் கிளினிக் வைத்தேன்.

ஒரு ஆடி மாதம், சோழபுரத்திலிருந்து ஒரு பெரியவரைப் பார்க்க வீட்டுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. நிலபுலம் உள்ள குடும்பம். உள்ளே நுழைந்தால், கூடத்தில் நாற்காலியில், விரித்த குடையைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கிறார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே ஆடிக்காற்று தென்னைகளைப் புரட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் ஏதோ கனவில் நுழைந்துவிட்டாற்போல் இருந்தது.

"என்ன பெரியவரே, வீட்டுக்குள்ள மழையா?"

"மழையின்னா நனைஞ்சிட்டுப் போறேன் டாக்டரு. காத்துல்லா அடிக்கி. ஃபேன நிறுத்துனா வீட்டுல இருக்கவுக வேர்த்துச் சாகுதாக. அதான் கொடை. பேரப்புள்ளைக சிரிக்கிதுக, சிரிச்சிட்டுப் போகட்டும்."

நெற்றியில் ஒரு பக்கம் அக்கி வந்து ஆறின தழும்பு. ஆறு மாதமாக வலி. தலைமுடி அசைந்தால் வலி, துண்டு பட்டால் வலி, காற்று பட்டால் தீ.

நான் நெற்றியில் உள்ளங்கையை வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்பிடியே அழுத்துங்க. நல்லா அழுத்துங்க. ஆங். இப்பத்தான் செத்த நேரம் நல்லாருக்கு."

கை என் கையாகவே இல்லை. உள்ளங்கைக்குக் கீழே நெற்றி இல்லை, ஒரு விலா இருந்தது. எங்கோ ஒரு தேர் திரும்பிக்கொண்டிருந்தது. நான் எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியவில்லை. "டாக்டரு, தூங்கிட்டீகளா?" என்று பெரியவர் கேட்டதும்தான் கையை எடுத்தேன்.

அந்தப் பெரியவரை நான் ஒரு கணம்கூடச் சந்தேகிக்கவில்லை. நடித்து அவர் எந்த வேலையிலிருந்து தப்ப வேண்டும்? யாரிடம் சீட்டு வாங்க வேண்டும்? அவர் சொன்னது அப்படியே எனக்கு நோயாகத் தெரிந்தது. அதே சொற்களை ஃபேனுக்கு எதிரே நின்று வேலை பார்த்த ஒருத்தி சொன்னபோது குற்றமாகத் தெரிந்தது.

அன்று மாலையே பழைய புத்தகங்களை எடுத்தேன். படித்ததை, டாக்டர் கவிதா கேட்டபடி, எளிமையாக இங்கே எழுதுகிறேன். சின்ன வயதில் சின்னம்மை வந்து போகிறது. கிருமி போவதில்லை. நரம்பின் வேருக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. முப்பது, நாற்பது, அறுபது வருடம் அங்கே உறங்குகிறது. உடம்பு தளரும் ஒரு நாளில் விழித்து, அந்த ஒரு நரம்பின் பாதையிலேயே நடந்து தோலுக்கு வருகிறது. அதனால்தான் அக்கி உடம்பில் ஒரு பக்கம் மட்டும், பட்டை போல வருகிறது. கொப்புளம் தெரிந்த மூன்று நாளுக்குள் கிருமிக்கு மாத்திரை தொடங்கினால் அக்கி சீக்கிரம் அடங்கும், வேதனையும் குறையும். காவி பூசிக்கொண்டு வாருங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அன்றே வாருங்கள்.

சிலருக்குத் தோல் ஆறிய பிறகும் நரம்பு ஆறுவதில்லை. புண்பட்ட நரம்பு தவறான சேதி சொல்கிறது. சேலை பட்டால் நெருப்பு என்கிறது, காற்று பட்டால் கத்தி என்கிறது. உள்ளங்கையை வைத்து அழுத்தும் பாரத்தைப் பலர் தாங்கிக்கொள்வார்கள், மெல்லிய உரசலைத்தான் தாங்க மாட்டார்கள். பஞ்சை எடுத்து மெல்ல வருடிப் பார்க்க வேண்டும். முதலில் வலிக்காத பக்கத்தில், பிறகு சொல்லிவிட்டு வலிக்கும் பக்கத்தில். அவ்வளவுதான் சோதனை. சாதாரண வலி மாத்திரை இதில் அதிகம் உதவாது. நரம்பின் கூச்சலைத் தணிக்கும் மாத்திரைகள் இருக்கின்றன; சிறிய அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்லக் கூட்ட வேண்டும். வாய் உலரும், தலை சுற்றும், வயதானவர்கள் எழுந்து நடக்கும்போது விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மரத்துப்போகச் செய்யும் பூச்சும் உண்டு. முழுக்கப் போய்விடும் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. பாதி குறைந்தாலே பலர் தூங்கிவிடுவார்கள்.

சோழபுரத்துப் பெரியவர் இரண்டு மாதத்தில் குடையை மடக்கினார்.

குருவம்மாளைத் தேடி உடனே ஓடினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. போகவில்லை. ஐந்து மாதம் போகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேறு வேலையாகப் போன நாட்களில்கூட மடவார் வளாகம் பக்கம் திரும்பவில்லை. அவருக்குச் சரியாகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பலருக்கு ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடும் என்பது உண்மைதான். அந்த உண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

கடைசியில் ஒரு மார்கழிக் காலையில் போனேன். பனி இறங்கியிருந்தது. கோயில் மதில் பாதிதான் தெரிந்தது. தெரு முக்கில் பால் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

"எந்தக் குருவம்மா? நடிப்புக்காரி குருவம்மாளா?" என்றாள். எந்தப் பகையும் இல்லாமல், அடையாளம் சொல்கிறமாதிரி.

பதினோரு வருடம் கழித்து என் சொல் அந்தத் தெருவில் ஒரு பெயராக இருந்தது.

அவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. நரைத்திருந்தார். ரவிக்கைக்குள் விலாவைச் சுற்றி ஏதோ இறுக்கமாகக் கட்டியிருப்பது தெரிந்தது. நான் நின்றபடியே சொன்னேன். "உங்களுக்கு வலிச்சது நிஜம். அது ஒரு நோய். எனக்குத் தெரியல. தெரியாதத நடிப்புன்னு எழுதிட்டேன். தப்பு என் மேல."

அவர் ஒரு பாயை எடுத்து விரித்தார். பிறகு, "உக்காருங்க டாக்டரய்யா" என்றார்.

வலி போகவே இல்லை. பேண்டேஜ் துணியின் கழிவை வாங்கி, கஞ்சி போகத் துவைத்து, விலாவைச் சுற்றி இறுகக் கட்டிக்கொண்டால் சேலை உரசாது என்று அவராகவே கண்டுபிடித்து வைத்திருந்தார். நான் புத்தகத்தில் தேடியதை அவர் துணியைக் கிழித்துத் தெரிந்துகொண்டிருந்தார்.

"வேலை போனதக்கூட விடுங்க" என்றார். "எம்மவன் சின்னப்புள்ளையில ஓடியாந்து இடுப்பக் கட்டுவான். நான் கத்திக்கிட்டுத் தள்ளிவிடுவேன். வலிக்குதுல ஏலேன்னு சொன்னா, அவிய அப்பா, 'ஒங்கம்மாவுக்கு ஒண்ணும் இல்ல, டாக்டரே சொல்லிட்டாரு'ம்பாவ. பொறவு அவன் கிட்ட வாரதையே விட்டுட்டான். இப்ப பட்டாளத்துல இருக்கான். லீவுல வந்தா மாமன் வீட்டுலதான் தங்குதான். அங்கயிருந்து வந்து வாசல்ல நின்னு பாத்துட்டுப் போவான், யாரோ எவரோ மாதிரி."

மாதாமாதம் நானே மாத்திரை கொண்டுபோனேன். மெல்லக் கூட்டினோம். முதலில் தலைச்சுற்றல் என்று இரண்டு முறை நிறுத்திவிட்டார். நான்காம் மாதம், "நேத்து மத்தியானம் தூங்கிட்டேன்யா" என்று வெட்கப்பட்டுச் சொன்னார். பாதி குறைந்தது. அதற்குமேல் குறையவில்லை. பதினோரு வருடம் முன்னால் தொடங்கியிருந்தால் என்று நினைக்காமல் அந்தத் தெருவை நான் கடந்ததில்லை.

ஆலையின் பழைய ஃபைல்களைத் தேடினேன். கைமாறியபோது பழைய பேப்பராகப் போட்டுவிட்டார்கள். திருத்துவதற்கு என் சீட்டே இல்லை. அதனால் அவருடைய சம்மதம் கேட்டு மகனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் பெயர் அச்சிட்ட தாளில், முத்திரையோடு. உங்கள் அம்மாவுக்கு வந்த நோய் இது; அவர் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை; தொட்டால் எரியும் என்பதால் தள்ளினாரே தவிர வேறு காரணம் இல்லை; பொய் எழுதியவன் நான். இதுதான் கடிதம்.

மூன்று வாரம் கழித்து ஒரு போன் வந்தது. பின்னால் காற்று இரைந்தது.

"நீங்கதான அந்த டாக்டர்?"

"ஆமாம்ப்பா."

"சரி சார்" என்று வைத்துவிட்டான்.

அடுத்த முறை மாத்திரையோடு போனபோது அவன் அங்கே இருந்தான். மாமன் வீட்டுக்குப் போகாமல் பையோடு நேரே வந்துவிட்டானாம். நெடுநெடுவென்று, ஒட்ட வெட்டிய தலையுடன். எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். அம்மாவுக்குப் பக்கத்திலிருந்த டேபிள் ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தான். அவன் கண் வீங்கியிருந்தது. நான் செய்தது இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஏதோ நல்லதில் முடிந்துவிட்டது என்று, வெட்கமில்லாமல், மகிழ்ந்தேன்.

அவன் உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினான். என் கடிதம். லேமினேஷன் போட்டிருந்தான்.

"தெருவுல எல்லார்கிட்டயும் காட்டிட்டேன் சார். இனி எவனாவது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும்" என்றான். அம்மா பக்கம் திரும்பி, "பாரும்மா. டாக்டரே எழுதிட்டாரு" என்றான்.

குருவம்மாள் அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கணக்குப் புரியாத குழந்தை வாத்தியாரிடம் கேட்பது போலக் கேட்டார்.

"அன்னைக்கு நீங்க நடிப்புன்னு எழுதுனீக. நம்புனான். இன்னைக்கு நெசம்னு எழுதுதீக. இதையும் நம்புதான். நடுவுல பதினோரு வருசம் பெத்தவ சொன்னேனே டாக்டரய்யா, அத யாரு நம்புனா?"

மகன் தாளைப் பிடித்தபடியே நின்றான். பிறகு தரையில், அவருக்கு எதிரே உட்கார்ந்தான்.

"இப்பச் சொல்லும்மா. எப்பிடி வலிக்கும்? நான் கேக்கேன்."

"மொதல்ல அந்தத் தாளக் கொண்டுபோயி உள்ள வையி" என்றார்.

அவன் எழுந்து உள்ளே போனான். நான் மாத்திரையை நாற்காலியின் மேல் வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் தெருவில் இறங்கினேன்.